எவ்வளவு நேரம் தாங்கும்? செல்லுக்குள் நடக்கும் ஒரு தரச்சோதனை

1980களில் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கிளாஸ் கார்ரே, ஹான்ஸ்-குஸ்தாவ் யுங்கிரென் ஆகியோர் எலியின் நிணநீர்ப் புற்றுநோய்ச் செல்வரிசை ஒன்றை ஆராய்ந்துவந்தார்கள். ஆர்எம்ஏ-எஸ் என்பது அதன் பெயர். செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை நோயெதிர்ப்பு மண்டலத்துக்குக் காட்டும் எம்எச்சி புரதங்கள் அதன் மேற்பரப்பில் மிகக் குறைவாகவே இருந்தன. அப்புரதத்துக்கான மரபணுக்களில் பழுதில்லை. செல் அதைத் தயாரிக்கவும் செய்தது. ஆனால் தயாரித்தது மேற்பரப்பில் நிலைக்கவில்லை. 1990இல் வெளியான ஆய்வு விடையின் ஒரு பகுதியைத் தந்தது. செல்களை 37 டிகிரி செல்சியஸில் வளர்க்காமல் 26 டிகிரியில் வளர்த்தபோது எம்எச்சி புரதம் மேற்பரப்பில் தாராளமாகத் தென்பட்டது. வெப்பத்தை உடல் நிலைக்கு உயர்த்தியதும் மறைந்தது. பொருத்தமான பெப்டைடு (சிறு புரதத் துண்டு) ஒன்றை வெளியிலிருந்து சேர்த்தால் உடல் வெப்பத்திலும் தாக்குப்பிடித்தது.

குளிரில் வெளிவந்தவை பெப்டைடு ஏறாத வெற்றுப் புரதங்கள். பெப்டைடுதான் இந்தப் புரதத்தின் கட்டுமானத்தையே நிறுத்திவைக்கிறது என்பது இதனால் உறுதியானது. கூடவே வேறொரு கேள்வியும் எழுந்தது. நலமான செல்லின் மேற்பரப்பில் வெற்று எம்எச்சி அபூர்வம். தளர்வான பெப்டைடைத் தாங்கிய எம்எச்சியும் குறைவு. அப்படியானால் அவற்றைத் தடுத்து நிறுத்துவது எது? எதை அளவுகோலாக வைத்து நிறுத்துகிறது? கடந்த முப்பதாண்டு ஆராய்ச்சி இதற்குப் பெருமளவு விடை கண்டிருக்கிறது. செல் இங்கே அளப்பது பெப்டைடு எவ்வளவு நேரம் கழலாமல் இருக்கும் என்பதைத்தான். பெப்டைடு நோய்க்கிருமியுடையதா, சொந்த உடலுடையதா என்று அது பார்ப்பதே இல்லை.

மூன்று பகுதிகள் சேர்ந்த புரதம்

எம்எச்சியின் பணி 1974இல்தான் தெளிவானது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ரோல்ஃப் சிங்கர்நாகல், பீட்டர் டோஹெர்ட்டி இருவரும் மூளையுறையைத் தாக்கும் ஒரு வைரஸ் தொற்றிய எலிகளை ஆராய்ந்தார்கள். தொற்றிய செல்லைக் கொல்லும் டி செல்லுக்கு வைரஸின் அடையாளம் மட்டும் போதவில்லை. அந்தச் செல்லின் எம்எச்சியும் தன் உடலில் உள்ள வகையாகவே இருக்கவேண்டியிருந்தது. இருவருக்கும் 1996இல் நோபல் பரிசு கிடைத்தது.

வைரஸின் அடையாளமும் எம்எச்சியும் எப்படி ஒன்றாக உணரப்படுகின்றன என்பதை 1987இல் ஒரு படம் விளக்கியது. ஹார்வர்டில் பமேலா பியார்க்மன், டான் வைலி, ஜாக் ஸ்ட்ரோமிங்கர் குழுவினர் எக்ஸ்-கதிர் படிகவியல் மூலம் மனித எம்எச்சி வகைகளில் ஒன்றான எச்எல்ஏ-ஏ2 புரதத்தின் முப்பரிமாண அமைப்பை வெளியிட்டார்கள். மேல்பகுதியில் இரு சுருள்களுக்கு நடுவே ஒரு நீண்ட பிளவு இருந்தது. எம்எச்சியைச் சேராத ஏதோ ஒன்று அந்தப் பிளவை நிரப்பியிருந்தது. அதுதான் பெப்டைடு.

முதல்வகை எம்எச்சி மூன்று பகுதிகளால் ஆனது. சவ்வில் ஊன்றி நிற்கும் கனச்சங்கிலி ஒன்று. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற 99 அமினோ அமிலச் சிறு புரதம் இன்னொன்று. பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு மூன்றாவது. பிளவின் இரு முனைகளும் மூடியிருப்பதால் இதைவிட நீளமானவை எளிதில் அடங்குவதில்லை. பிளவின் அடியில் சில குழிகள் உண்டு. பெப்டைடின் இரண்டாம் அமினோ அமிலமும் கடைசி அமினோ அமிலமும் பெரும்பாலான வகைகளில் அந்தக் குழிகளில் பதிகின்றன. குழியின் வடிவம் எம்எச்சி வகைக்கு வகை மாறும். மனிதரில் எச்எல்ஏ எனப்படும் இம்மரபணுக்களில் இதுவரை பதிவான முதல்வகை மாற்றுருக்கள் 20,000க்கும் அதிகம்.

வெற்றுப் புரதம் ஏன் ஆபத்து

வெற்று எம்எச்சி மேற்பரப்புக்கு வந்தால் இரண்டு கேடுகள் விளையும். அருகிலுள்ள செல்லொன்று வைரஸால் சிதைந்து, அதன் பெப்டைடுகள் வெளியே சிதறியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வெற்றுப் பிளவோடு நிற்கும் நலமான செல் அவற்றில் ஒன்றை ஏந்திக்கொள்ளலாம். டி செல்லைப் பொறுத்தவரை அதுவும் தொற்றிய செல்தான். நோயில்லாத செல் கொல்லப்படும்.

இரண்டாவது கேடு இதற்கு நேர்மாறானது. தொற்றிய செல் வைரஸ் பெப்டைடை ஏற்றி அனுப்புகிறது. ஆனால் அது தளர்வாக ஒட்டியிருக்கிறது. அதை உணரக்கூடிய டி செல் உடலில் மிகச் சொற்பம். அது சுற்றித் திரிந்து அந்த இடத்துக்கு வருவதற்குள் பெப்டைடு கழன்றுவிட்டால் தொற்று தெரியாமலே போய்விடும். டி செல்லைத் தூண்ட ஒரு செல்லின் மேல் ஒரே வகைப் பெப்டைடு தாங்கிய எம்எச்சி ஒரு சிலவே போதும். ஆனால் அந்தச் சில அங்கே நிலைத்திருந்தாக வேண்டும்.

செல்லுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. எந்தப் பெப்டைடு ஆபத்தானது என்று அதற்குத் தெரியாது. தன் சொந்தப் புரதத்தின் துண்டையும் வைரஸ் புரதத்தின் துண்டையும் அதே வழியில்தான் நடத்துகிறது. வேறுபடுத்தும் வேலை டி செல்லுடையது. ஆகவே செல்லால் முடிந்தது ஒன்றுதான்: நீண்ட நேரம் நிலைக்கும் பிணைப்புகளை மட்டும் வெளியே அனுப்புவது.

பெப்டைடு ஏறும் இடம்

செல்லில் பழையதாகிப்போன புரதங்களையும் தயாரிப்பிலேயே பிழையானவற்றையும் புரோட்டியசோம் என்ற நொதித் தொகுதி சைட்டோபிளாசத்தில் துண்டாக்குகிறது. அத்துண்டுகளில் ஒரு பகுதியை டாப் என்ற கடத்திப் புரதம் ஏடிபி ஆற்றலைச் செலவிட்டு எண்டோபிளாச வலைக்குள் செலுத்துகிறது. ஆர்எம்ஏ-எஸ் செல்லில் பழுதாகியிருந்தது இந்தக் கடத்திதான் என்பது பின்னர் தெரிந்தது. வலைக்குள் வந்த துண்டுகள் சில நேரம் தேவைக்கு மேல் நீளமாக இருக்கும். ஈஆர்ஏபி1 என்ற நொதி அவற்றின் முன்முனையை நறுக்கி அளவுக்குக் கொண்டுவருகிறது.

இதே வலைக்குள் புதிதாக உருவான கனச்சங்கிலி முதலில் கால்னெக்சின் என்ற துணைப்புரதத்தின் பிடியில் மடிகிறது. பீட்டா-2 மைக்ரோகுளோபுலினோடு சேர்ந்தபின் பெப்டைடு ஏற்றும் தொகுதிக்குள் நுழைகிறது. டாப் கடத்தி, டபாசின், ஈஆர்பி57, கால்ரெட்டிகுலின் ஆகியவை அத்தொகுதியின் உறுப்பினர்கள். 2017இல் பிராங்க்பர்ட்டின் ராபர்ட் டாம்பே குழு இத்தொகுதியின் அமைப்பைக் குளிர்நிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் படமெடுத்தது. ஒரு டாப் கடத்தியைச் சுற்றி இரண்டு சோதனைக் கூறுகள் அமர்ந்திருந்தன. தொகுதியைச் செல்லிலிருந்து பிரித்தெடுக்க அவர்கள் தூண்டிலாகப் பயன்படுத்தியது டாப்பை அடைக்க ஹெர்பிஸ் வைரஸ் வைத்திருக்கும் ஐசிபி47 புரதத்தின் மாற்றியமைத்த வடிவம். வைரஸின் ஆயுதம் ஆய்வாளரின் கருவியானது.

டபாசினை 1996இல் யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிரெஸ்வெல் குழு கண்டறிந்தது. எம்எச்சியை டாப்போடு இணைக்கும் பாலம் என்றே முதலில் கருதினார்கள். அது அதைவிடப் பெரிய வேலை செய்கிறது. ஈஆர்பி57உடன் டைசல்பைடு பிணைப்பால் கட்டுண்ட டபாசின் எம்எச்சியின் பிளவை ஒரு முனையில் சற்று விரித்துப் பிடிக்கிறது. தளர்வாக ஒட்டிய பெப்டைடு அந்த விரிவில் கழன்றுபோகிறது. இறுக்கமாகப் பொருந்தும் பெப்டைடு வந்தால் பிளவைத் திரும்ப இழுத்து மூடிவிடுகிறது; மூடியதும் டபாசினுக்குப் பிடி தளர்ந்து எம்எச்சி விடுபடுகிறது. ஒரே புரதத்துக்காகப் பெப்டைடும் டபாசினும் போட்டியிடுகின்றன. போட்டியில் வெல்லும் பெப்டைடு மட்டுமே எம்எச்சியை விடுவிக்க முடியும். யாரும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாமலே தேர்வு நடந்துவிடுகிறது. டபாசின்–ஈஆர்பி57 இணை மட்டுமே இத்தேர்வுக்குப் போதும் என்பதைக் கிரெஸ்வெல் குழு 2007இல் செல்லுக்கு வெளியே நிகழ்த்திக் காட்டியது.

சர்க்கரை முத்திரை

ஏற்றும் தொகுதியை விட்டுவந்த எம்எச்சி எல்லாமே சரியானவை என்று சொல்லிவிட முடியாது. இரண்டாவது சோதனை சர்க்கரை வழியாக நடக்கிறது.

எண்டோபிளாச வலைக்குள் உருவாகும் பல புரதங்களின் மேல் 14 சர்க்கரை அலகுகள் கொண்ட கிளைச்சங்கிலி ஒட்டப்படுகிறது. மனித முதல்வகை எம்எச்சியின் கனச்சங்கிலியில் 86ஆம் இடத்திலுள்ள அஸ்பராஜின்மேல் அப்படி ஒரு சங்கிலி உண்டு. அதன் ஒரு கிளையின் நுனியில் மூன்று குளுக்கோஸ். நொதிகள் இரண்டைக் கழற்றியபின் மிஞ்சும் ஒற்றைக் குளுக்கோஸ்தான் கால்னெக்சினும் கால்ரெட்டிகுலினும் பற்றிக்கொள்ளும் பிடி. அதையும் கழற்றிவிட்டால் புரதம் விடுபட்டு மேலே போகத் தயாராகிறது.

அப்போது குறுக்கிடுகிறது யுஜிஜிடி1 என்ற நொதி. அர்ஜென்டினாவின் அர்மாந்தோ பரோதி 1980களில் இந்நொதியின் செயலைக் கண்டுகொண்டார். 1994இல் அரி ஹெலனியஸ் குழு இதையும் கால்னெக்சினையும் ஒரே சுழற்சியாக இணைத்து விளக்கியது. சரியாக மடியாத புரதத்தில், உள்ளே மறைந்திருக்க வேண்டிய நீர்விலக்கும் பகுதிகள் வெளியே தெரியும். யுஜிஜிடி1 அவற்றை உணர்ந்து ஒற்றைக் குளுக்கோஸைத் திரும்ப ஒட்டிவிடுகிறது. புரதம் மீண்டும் துணைப்புரதங்களின் கைக்குப் போகிறது. நன்றாக மடிந்ததில் ஒட்டுவதில்லை. சந்தையில் மண்பானை வாங்குபவர் விரலால் தட்டி ஓசையைக் கேட்டே விரிசலைக் கண்டுகொள்கிறார் அல்லவா? இந்நொதியும் அப்படித்தான், பிளவுக்குள் இருக்கும் பெப்டைடின் வரிசையைப் படிக்காமல், புரதத்தின் மொத்த உறுதியிலிருந்தே குறையை அறிகிறது.

எம்எச்சிக்கும் இது பொருந்துமா என்று நெடுநாள் தெரியவில்லை. 2011இல் கிரெஸ்வெல் குழு தெளிவுபடுத்தியது: பெப்டைடு சரியாக ஏறாத எம்எச்சியை யுஜிஜிடி1 அடையாளம் கண்டு குளுக்கோஸ் ஒட்டுகிறது; இந்நொதி இல்லாத செல்களில் எம்எச்சி முதிர்ச்சியடைவதே குலைகிறது. வெளியே கிளம்பிய குறையுள்ள எம்எச்சியைக் கால்ரெட்டிகுலின் திரும்பவும் ஏற்றும் தொகுதிக்குக் கொண்டுவருகிறது.

இந்தச் சித்திரத்தில் இன்னொரு பாத்திரம் 2013இல் சேர்ந்தது. டபாசினுக்கு ஒன்றுவிட்ட உறவான டாப்-பிபிஆர் என்ற புரதத்தின் மரபணு 12ஆம் குரோமோசோமில் இருப்பது முன்பே தெரியும். அதன் வேலைதான் புதிராக இருந்தது. கேம்பிரிட்ஜில் லூயிஸ் பாயில் குழு அது எம்எச்சியோடு பிணைவதைக் காட்டியது. அது ஏற்றும் தொகுதியைச் சேர்ந்ததல்ல, டாப்போடும் இணைவதில்லை, டபாசின் போகாத கோல்கை உறுப்பு வரை போகிறது. பெப்டைடு எக்கச்சக்கமாகக் கிடைக்கும் இடத்தில் டபாசின் தேர்வு நடத்துகிறது. பெப்டைடு அரிதான இடத்தில் டாப்-பிபிஆர் மறுதேர்வு நடத்துகிறது. தளர்வானதைக் கழற்றிவிட்டால் மாற்றாக எளிதில் எதுவும் கிடைக்காத இடம் அது. எனவே தளர்வான பெப்டைடு இங்கே தப்பிப்பது கடினம்.

2017இல் இரண்டு குழுக்கள் டாப்-பிபிஆர் எம்எச்சியைப் பற்றியிருக்கும் படிக அமைப்பை வெளியிட்டன. அதே ஆண்டு பாயில் குழு வேறொன்றையும் கண்டது: டாப்-பிபிஆர் யுஜிஜிடி1ஐயும் பற்றிக்கொள்கிறது. அதாவது ஒரு கையால் குறையுள்ள எம்எச்சியையும் மறுகையால் முத்திரையிடும் நொதியையும் பிடித்து அருகருகே நிறுத்துகிறது. 2023இல் பிராங்க்பர்ட் குழு இந்த மூன்றையும் தூய்மைப்படுத்திச் சோதனைக்குழாயில் ஒன்றுசேர்த்து, டாப்-பிபிஆரின் பிடியிலுள்ள வெற்று எம்எச்சியின் மேல் யுஜிஜிடி1 குளுக்கோஸ் ஒட்டுவதை நேரடியாக நிறுவியது. இரண்டாவது சோதனையின் கண்ணிகள் இதன்மூலம் கோவையாகச் சேர்ந்தன.

கழிக்கப்படுபவை

திரும்பத் திரும்ப முயன்றும் தேறாதவை என்னவாகின்றன? எண்டோபிளாச வலைக்குள்ளேயே அவை சிதைக்கப்படுவதாகப் பலகாலம் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைத் திருத்தியது மனித சைட்டோமெகலோவைரஸ்.

இந்த வைரஸ் பல மனிதர்களின் உடலில் ஆயுள் முழுவதும் தங்கிவிடக்கூடியது. தங்குவதற்கு எம்எச்சியை அது பல முனைகளில் முடக்குகிறது. அதன் யுஎஸ்6 புரதம் டாப்பை அடைக்கிறது. யுஎஸ்3 டபாசினின் வேலையைக் கெடுக்கிறது. யுஎஸ்2, யுஎஸ்11 இரண்டும் புதிய கனச்சங்கிலியையே அழிக்கின்றன. 1996இல் ஹிட்டே பிளூ, எம்மானுவேல் வியர்ட்ஸ் குழு இந்த அழிவு எங்கே நடக்கிறது என்று தேடியபோது எதிர்பாராத விடை கிடைத்தது. கனச்சங்கிலி வலையிலிருந்து சைட்டோபிளாசத்துக்குப் பின்னோக்கி இழுக்கப்பட்டு, அங்கே புரோட்டியசோமால் துண்டாக்கப்பட்டது. புரதங்கள் உள்ளே போகும் வழியே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வெளியே வரும் வழியும் உண்டு என்பது அப்போதுதான் விலங்குச் செல்களில் தெளிவாயிற்று.

வைரஸ் புதிதாக ஒரு வழியை உண்டாக்கவில்லை. செல் தன் பழுதான புரதங்களைக் கழிக்க வைத்திருந்த வழியையே தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது. 2004இல் இரண்டு குழுக்கள் யுஎஸ்11இன் தடத்தைப் பின்பற்றிப் போய் டெர்லின்-1 என்ற சவ்வுப் புரதத்தைக் கண்டன. யுபிகுயிட்டின் ஒட்டும் நொதிகளும் பி97 என்ற இழுவைப் புரதமும் இதே வேலையில் சேர்கின்றன. வைரஸ் இல்லாத செல்லிலும் பெப்டைடு கிடைக்காத கனச்சங்கிலிகளின் முடிவு இதுதான். எந்தப் படியில் எந்தப் புரதம் இன்றியமையாதது என்பதை ஆய்வாளருக்குச் சுட்டிக்காட்டியதில் வைரஸ்களின் பங்கு பெரிது. தங்களுக்குத் தடையாக இருந்த படிகளைத்தானே அவை தாக்கியிருக்கின்றன!

கண்டிப்பு கூடினால் நல்லதா?

இதுவரை படித்தவர் சோதனை எவ்வளவு கண்டிப்பாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று முடிவுகட்டியிருக்கலாம். அது சரியல்ல.

எச்எல்ஏ-பி*44:02, எச்எல்ஏ-பி*44:05 என்ற இரு மாற்றுருக்களுக்கு இடையே வேறுபாடு ஒரே ஒரு அமினோ அமிலம்தான். 116ஆம் இடத்தில் முதலாவதில் அஸ்பார்டிக் அமிலம், இரண்டாவதில் டைரோசின். விளைவோ பெரிது. முதலாவது டபாசின் இல்லாமல் மேற்பரப்புக்கு வருவதே அரிது. இரண்டாவது டபாசின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வந்துவிடுகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாலினி ராகவன் குழு பல எச்எல்ஏ-பி வகைகளை அளந்து, டபாசினைச் சார்ந்திருக்கும் அளவு வகைக்கு வகை மாறுவதைக் காட்டியது. நம் ஒவ்வொருவரின் செல்லிலும் தரச்சோதனையின் கண்டிப்பு ஒரே அளவில் இல்லை. பெற்றோரிடமிருந்து வந்த எச்எல்ஏ வகைகளே அதைத் தீர்மானிக்கின்றன.

எது மேல்? 2020இல் வெளியான ஓர் ஆய்வு எச்ஐவி தொற்றியவர்களின் எச்எல்ஏ வகைகளை இந்த அளவுகோலால் பார்த்தது. டபாசினைக் குறைவாகச் சார்ந்த வகைகளைக் கொண்டவர்களிடம் பெப்டைடு வகைகள் அதிகமாக ஏறின. வைரஸும் மேலாகக் கட்டுப்பட்டது. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. வைரஸ்கள் பல டபாசினையும் டாப்பையும்தான் குறிவைக்கின்றன. அவற்றை நம்பாத எம்எச்சி அத்தாக்குதலில் தப்பும். எச்ஐவி போல ஓயாமல் உருமாறும் வைரஸிடம், பலவகைப் பெப்டைடுகளைக் காட்டுவதே பாதுகாப்பு. மறுபுறம், கண்டிப்பான வகைகள் நீண்டு நிலைக்கும் பிணைப்புகளைத் தருகின்றன. இரண்டும் ஒரே மக்கள் கூட்டத்தில் நீடிப்பதற்கு, ஒன்றுக்கொன்று ஈடுசெய்யும் இந்த நன்மைகள் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

சோதனை பிழைத்தால்

டாப் மரபணு பழுதாகிப் பிறப்பவர்கள் உண்டு; முதல் நோயாளிகள் 1994இல் விவரிக்கப்பட்டார்கள். அவர்களின் செல்களின் மேல் முதல்வகை எம்எச்சி மிகக் குறைவு. கடும் வைரஸ் நோய்களில் வீழ்வார்கள் என்றே எதிர்பார்ப்போம். ஆனால் அவர்களை அதிகம் வாட்டுவது நாள்பட்ட சுவாசப் பாக்டீரியத் தொற்றும் தோல் புண்களும்தான்.

எச்எல்ஏ-பி27க்கும் முதுகெலும்பு இறுகும் வாதநோய்க்கும் உள்ள தொடர்பு 1973இலேயே பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கண்டறியப்பட்டது. இவ்வகை கொண்டவர்களில் சிலருக்கே நோய் வருகிறது. பி27 மெதுவாக மடியும் புரதம். மடிப்பில் பிழைபட்டு வலைக்குள் தேங்குவதும் ஒரு காரணமாகலாம் என்ற கருத்து உண்டு. பெப்டைடை நறுக்கும் ஈஆர்ஏபி1 மரபணுவின் மாற்றங்கள் பி27 உள்ளவர்களிடம் மட்டுமே இந்நோய்க்கு இட்டுச்செல்வதாக 2011இல் கண்டதால், பெப்டைடு ஏற்றத்திலேயே ஏதோ பிழை இருக்கிறது என்ற எண்ணம் வலுப்பட்டது. நோய் எப்படித் தொடங்குகிறது என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.

புற்றுநோய்ச் செல்களும் எம்எச்சியைக் குறைத்துத் தப்பிக்கின்றன. பெம்ப்ரோலிசுமாப் மருந்துக்கு முதலில் கட்டுப்பட்டுப் பின்னர் திரும்பிய மெலனோமா கட்டிகளை 2016இல் ஆராய்ந்தபோது ஒருவரிடம் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் மரபணுவே குலைந்திருந்தது. டி செல்லைத் தூண்டும் மருந்தால் அங்கே பயனில்லை, பார்ப்பதற்கு எம்எச்சி இல்லையே! கணையப் புற்றுநோயில் எம்எச்சி செல்லின் தன்னுண்ணல் பாதையில் இழுக்கப்பட்டுச் சிதைவதை 2020இல் ஓர் ஆய்வு காட்டியது. அப்பாதையைத் தடுத்தபோது எலிகளில் நோயெதிர்ப்புச் சிகிச்சை கூடுதலாகப் பலித்தது.

இந்த அறிவு மருந்தாக மாறுவதற்கான முயற்சிகள் தொடங்கிவிட்டன. கேம்பிரிட்ஜ் குழு 2018இல் டாப்-பிபிஆரைச் செல்களுக்கு வெளியிலிருந்து கொடுத்து, மேற்பரப்பு எம்எச்சியில் இருந்த பெப்டைடைக் கழற்றி, தாங்கள் விரும்பிய பெப்டைடை ஏற்ற முடியும் என்று செய்துகாட்டியது. கட்டிச் செல்லின் மேல் டி செல் எளிதில் அடையாளம் காணும் பெப்டைடை ஏற்றினால் அக்கட்டி இலக்காகும் என்பது எதிர்பார்ப்பு. அது இன்னும் ஆய்வுக்கூட நிலையில்தான் இருக்கிறது.

நோயெதிர்ப்பைப் பற்றிப் பேசும்போது நம் கவனமெல்லாம் கொல்லும் டி செல்லின் மேலும் எதிர்ப்பொருள்களின் மேலும் போகிறது. அவற்றின் கண்ணில் என்ன படவேண்டும் என்பது அதற்கு முன்பே, தொற்றிய செல்லுக்குள்ளேயே தீர்மானமாகிவிடுகிறது. பெப்டைடு நன்மையா தீமையா என்று அறியாத ஒரு பொறிமுறை, அது எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை மட்டும் அளந்து அந்த முடிவை எடுக்கிறது. தடுப்பூசியையோ புற்றுநோய் மருந்தையோ வடிவமைப்பவர் தம் பெப்டைடு பிளவில் பொருந்துகிறதா என்று கணித்தால் மட்டும் போதாது. அது டபாசினையும் டாப்-பிபிஆரையும் தாண்டி நிலைக்குமா என்றும் பார்த்தாக வேண்டும்.